இடம் மாறும் பதிவேடுகளும் மறையும் பெயர்களும்

கேரள ராஜ்யத்தின் தென்கோடியில், நெய்யாற்றின்கரைத் தாலுகாவில், தமிழ்நாட்டின் எல்லையை ஒட்டி அமைந்த ஊர்கள் பாறசாலை, காரோடு, குன்னத்துக்கால், வெள்ளறடை முதலியன. 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் தேதி ராஜ்யங்கள் சீரமைக்கப்பட்ட பொழுது தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் சென்னை ராஜ்யத்துடன் இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. எல்லைக்கு அப்பாலும் இப்பாலும் நிலமும் உறவும் உடைய குடும்பங்கள் இங்கு அநேகம். ஒரே மனிதரின் பெயர் ஒரு பதிவேட்டில் மலையாளத்திலும், மற்றொன்றில் தமிழிலும், வேறொன்றில் ஆங்கிலத்திலும் எழுதப்பட்டிருப்பது இவ்வூர்களில் வியப்புக்குரியதன்று. இத்தகைய பதிவுகள் பழைய கணிப்பொறித் தரவுத்தளத்திலிருந்து புதிய பதிப்புக்குப் பெயர்க்கப்படும்பொழுது நேரக்கூடிய பழுதுகளைக் கிராமப் பணியாளரும் ஆசிரியரும் அறிந்திருத்தல் நலம். ஏனெனில் பழுதை முதலில் சந்திப்பவர் பொறியாளர் அல்லர். "உம்முடைய பெயர் இதில் இல்லையே" என்று சொல்ல நேர்பவரே.

முதலில் ஊர்ப்பெயரையே எடுத்துக்கொள்வோம். நெய்யாற்றின்கரை என்பதை மலையாளத்தில் எழுதும்பொழுது நடுவில் வரும் 'ன்' என்னும் ஒலிக்குச் சில்லெழுத்து ஒன்று உண்டு. யூனிகோடு என்னும் உலகப் பொதுக் குறியீட்டில் இவ்வெழுத்துக்குத் தனி எண் தொடக்கத்தில் இல்லை. நகர எழுத்து, அதன் மேல் சந்திரக்கலை, பின்னர்க் கண்ணுக்குத் தெரியாத இணைப்புக் குறி என மூன்று எண்களைச் சேர்த்தே அதனை எழுதி வந்தனர். 2008-ஆம் ஆண்டு ஏப்ரலில் வெளியான யூனிகோடு 5.1 பதிப்பு சில்லெழுத்துக்கள் ஆறினுக்குத் தனித்தனி எண் அளித்தது. ஆகவே அதே ஊர்ப்பெயர் பழைய முறையில் 15 எண்களாகவும், புதிய முறையில் 13 எண்களாகவும் அமையும். வழக்கமான யூ.டி.எப்.-8 முறையில் சேமித்தால் முன்னது 45 பைட்டுகளும் பின்னது 39 பைட்டுகளும் கொள்ளும். திரையிலும் அச்சிலும் இரண்டும் ஒன்றே. இயந்திரத்துக்கோ அவை இரு வேறு ஊர்கள்.

இங்கு ஒரு நுட்பம் உண்டு. தமிழில் 'கொ' என்பதை ஒகரக் குறி ஒன்றாலும் எழுதலாம். எகரக் குறியும் கால் குறியுமாக இரண்டாலும் எழுதலாம். ஆயினும் இவ்விரண்டும் சமமானவை என்று யூனிகோடே விதித்திருப்பதால், சீர்மைப்படுத்தும் நிரல் ஒன்றினால் வேற்றுமை நீங்கிவிடும். சில்லெழுத்துக்கு அத்தகைய விதி இல்லை. சீர்மை நிரல் ஓடிய பின்னும் பழையது பழையதாகவே நிற்கும். தமிழ் 'ஸ்ரீ'யின் நிலையும் இதுவே. 2005-ஆம் ஆண்டில் சகரத்துக்குரிய கிரந்த எழுத்து ஒன்று யூனிகோடில் சேர்ந்த பின்னர், அவ்வெழுத்தாலும் முன்போல் ஸகரத்தாலும் 'ஸ்ரீ' எழுதப்படுகிறது. ஸ்ரீதேவி என்ற பெயருடைய மாணவி, வகுப்புப் பட்டியலில் ஒருவராகவும் உதவித்தொகைப் பட்டியலில் வேறொருவராகவும் ஆவதற்கு இது போதும்.

இதனினும் கேடு தருவது, பெயர்க்கும்பொழுது "தேவையற்ற மறைகுறிகளை நீக்குக" என்று கொடுக்கப்படும் கட்டளை. அது இணைப்புக் குறியையும் நீக்கிவிடும். சில்லெழுத்து சிதைந்து, அடுத்த எழுத்துடன் கூட்டெழுத்தாக ஒட்டிக்கொள்ளவும் கூடும். மலையாள அறிஞர்கள் இதற்கு எடுத்துக்காட்டும் சொல் 'வன்யவனிக' என்பது. சில்லெழுத்துடன் பிரித்து எழுதினால் பெரிய திரை என்று பொருள். கூட்டெழுத்தாக எழுதினால் காட்டுச் சோலை. குறியை நீக்கிய பின் எது எதுவென்று எந்த நிரலும் திரும்பக் காண இயலாது.

இரண்டாவது வகைப் பழுதில் எழுத்து எதுவும் கெடுவதில்லை, வரிசை கெடுகிறது. தரவுத்தளம் ஒரு பெயரைத் தேடும்பொழுது எல்லாப் பதிவுகளையும் புரட்டுவதில்லை. அகராதியில் சொல் தேடுவதுபோல, இன்டெக்ஸ் எனப்படும் தேடுவரிசையின் நடுவில் திறந்து, தேடுவது முன்னா பின்னா என்று பார்த்துச் செல்கிறது. வரிசை எந்த விதிப்படி அடுக்கப்பட்டதோ அந்த விதிப்படியே தேடவும் வேண்டும். போஸ்ட்கிரஸ் என்னும் புகழ்பெற்ற தரவுத்தளம் இவ்விதியைப் பல இடங்களில் தன் அடியிலுள்ள இயக்க முறைமையிடமிருந்து கடனாகப் பெறுகிறது. 2018-ஆம் ஆண்டு ஆகஸ்டில் லினக்ஸின் ஜிலிப்சி நூலகம் 2.28-ஆம் பதிப்பில் தன் அகரவரிசை விதிகளைப் புதுப்பித்தது. பழைய இயந்திரத்தின் கோப்புக்களை அப்படியே புதிய இயந்திரத்துக்குக் கொண்டுசென்றவர்கள், பழைய விதிப்படி அடுக்கிய வரிசையில் புதிய விதிப்படி தேடினர். பதிவு உள்ளே இருந்தும் "இல்லை" என்ற விடை வந்தது.

இதனைக் கண்டறிய நிபுணர்கள் கையாளும் சோதனை மிக எளியது. '1-1', '11' என்னும் இரண்டை வரிசைப்படுத்துமாறு இயந்திரத்துக்குச் சொல்லவேண்டும். ஆங்கில வரிசை விதியில், பழைய நூலகம் 11-ஐ முதலிலும், புதியது 1-1-ஐ முதலிலும் வைக்கும். நிலத்தின் உட்பிரிவு எண்களை இவ்வாறு கோடிட்டு எழுதும் அலுவலகங்களுக்கு இது வெறும் சோதனை மட்டுமன்று. அவர்களுடைய பதிவுகளே இவ்வடிவில் உள்ளன. கேரளத்தில் மறுஅளவைக்குப் பின் ஒரே நிலத்துக்குப் பழைய சர்வே எண் ஒன்றும், பிளாக்கும் புதிய எண்ணும் ஒன்றுமாக இரண்டு அடையாளங்கள் வழங்குகின்றன. 2022-ஆம் ஆண்டு நவம்பர் முதல் தேதி 'என்டெ பூமி' என்ற பெயரில் டிஜிட்டல் அளவையும் தொடங்கப்பட்டது. எண்கள் பெருகப் பெருக, அவற்றைத் தேடும் வரிசை பிழைபடாதிருத்தல் மேலும் முக்கியமாகிறது.

தேடுவரிசைப் பழுதின் உண்மையான அபாயம், தேடியது கிடைக்காமற் போவதன்று. கிடைக்கவில்லை என்று கண்ட குமாஸ்தா நல்லெண்ணத்துடன் அதே பதிவைப் புதிதாக ஏற்றிவிடுவதே அபாயம். ஒரு எண் ஒரு முறையே இருக்கலாம் என்று காவல் செய்வதும் அதே தேடுவரிசைதான். அது கெட்டிருக்கும்பொழுது இரண்டாவது பதிவையும் தடையின்றி ஏற்றுக்கொள்ளும். பின்னர் வரிசையைப் புதிதாக அடுக்க முற்பட்டால், இரட்டைப் பதிவு உள்ளது என்று இயந்திரம் மறுத்துவிடும். வரி எதில் செலுத்தப்பட்டது, பெயர் மாற்றம் எதில் ஏறியது என்று ஒவ்வொன்றாகப் பார்த்துத் தீர்க்கவேண்டிய வேலை அப்பொழுது வந்து சேரும்.

தேதிகளின் கதை இன்னும் பழமையானது. திருவிதாங்கூர்த் தஸ்தாவேஜுகள் கொல்லம் ஆண்டில் எழுதப்பட்டவை. அவ்வாண்டு ஆகஸ்டு நடுவில், நமது ஆவணிக்கு ஒத்த சிங்ங மாதத்தில் பிறக்கிறது. "தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்" என்று கேரளத்தார் இன்றும் கூறும் பெருவெள்ளம் 1924-ஆம் ஆண்டு ஜூலையில், கொல்லம் 1099-இல் வந்தது. இங்கு கூட்டவேண்டிய எண் 825. அடுத்த மாதமே கொல்லம் 1100 பிறந்தது. ஆங்கில ஆண்டோ அதே 1924, கூட்டவேண்டிய எண் 824. எல்லாப் பதிவுகளுக்கும் 825-ஐயே கூட்டும் நிரல், ஆகஸ்டு நடுவிலிருந்து டிசம்பர் முடிவு வரையுள்ள நாலரை மாதத் தேதிகளை ஓராண்டு பிந்தியனவாக்கிவிடும். எட்டில் மூன்று பங்கு மக்களின் வயது இவ்வாறு ஓராண்டு குறைந்துபோகும். முதியோர் ஓய்வூதியம் கேட்டு வருபவருக்கு ஓராண்டு என்பது சிறிய கணக்கன்று.

மேலும் கொல்லம் மாதங்களில் சில 32 நாள் கொண்டவை. மிதுனம் 32 என்று பதிவேட்டில் கண்டதை, அப்படியே ஆங்கிலத் தேதிக்குரிய கட்டத்தில் இட்டால் என்ன ஆகும்? மைசீக்குவல் என்னும் தரவுத்தளத்தின் பழைய பதிப்புக்கள் வழக்கமான அமைப்பில் ஓர் எச்சரிக்கையை மட்டும் கூறி, எல்லாம் சுழியாகிய தேதி ஒன்றைப் பதிந்துகொண்டு மேலே சென்றன. 2015-ஆம் ஆண்டில் வந்த 5.7 பதிப்பு கண்டிப்பு முறையை இயல்பாக்கியதால், அத்தகைய தேதியை ஏற்க மறுத்தது. பழியோ புதிய பதிப்பின்மேல் விழுந்தது. கேடு பல ஆண்டுகளுக்கு முன்பே நிகழ்ந்துவிட்டிருந்தது.

விரிதாள் நிரல்கள் வழியாகப் பதிவுகளைக் கொண்டுசெல்வோருக்கு மற்றொரு தொல்லை. 12/3 என்ற உட்பிரிவு எண்ணைத் தேதி என்று கருதி விரிதாள் மாற்றிவிடும். உயிரியல் விஞ்ஞானிகளே இதற்குத் தப்பவில்லை. 'மார்ச் 1', 'செப்ட் 1' என்று ஒலிக்கும் மனித ஜீன் பெயர்களை விரிதாள்கள் தேதிகளாக்கி வந்தமையால், ஜீன்களுக்குப் பெயரிடும் சர்வதேசக் குழு 2020-ஆம் ஆண்டில் அத்தகைய பெயர்களையே மாற்றி அமைத்தது. சர்வே எண்களுக்கு அவ்வாறு புதுப்பெயர் சூட்ட இயலாது; ஏற்றுமுன் அக்கட்டத்தை 'எழுத்து' வகை என்று குறித்துவிடுவதே வழி.

பழுது தெரிந்தவுடன் செய்யவேண்டுவன யாவை? பழைய தளத்தை அழிக்காமல், எழுத இயலாதவாறு பூட்டி, படிக்க மட்டும் வைத்திருத்தல் வேண்டும். கிராமம் கிராமமாகப் பதிவுகளின் தொகையை இரு தளங்களிலும் எண்ணி ஒப்பிடவேண்டும். தொகை ஒத்தும் பெயர் அகப்படவில்லையாயின், தேடுவரிசையைப் பயன்படுத்தாமல் முழுவதையும் ஒரு முறை புரட்டித் தேடச் செய்யவேண்டும். அப்பொழுது கிடைத்தால் பழுது வரிசையிலுள்ளது. முதலில் இரட்டைப் பதிவுகளைக் களைந்துவிட்டு, வரிசையைப் புதிதாக அடுக்கினால் போதும். கிடைக்கவில்லையெனில் பெயரைத் திரையில் பார்ப்பதை விட்டு, அதன் குறியெண்களை வாங்கிப் பார்க்கவேண்டும். திருத்தம் எதுவாயினும் ஒரு நகலின்மேல் செய்து பார்த்து, முன்பு எழுதியிருந்த வடிவத்தைத் தனிக் கட்டம் ஒன்றில் மாற்றாமல் வைத்திருத்தல் அவசியம். இந்தக் கடைசிச் செயலைப் பொறியாளர்கள் இடச்செலவு என்று சொல்லித் தவிர்ப்பதுண்டு. அச்செலவு மிகச் சொற்பம்.

கிராமப் பணியாளர் செய்யத்தக்கது ஒன்றுண்டு. தேடிக் கிடைக்காத பெயரைத் தாமே புதிதாக ஏற்றாமல், நாளும் சர்வே எண்ணும் குறித்து அறிவித்தல் வேண்டும். ஆசிரியர்கள், பழைய சேர்க்கைப் பதிவேட்டில் கொல்லம் தேதி காணப்பட்டால், வயதுச் சான்று அனுப்பும்பொழுது மாதப் பெயரும் நாளும் உட்பட அதனை உள்ளவாறே எடுத்தெழுதி, ஆங்கிலத் தேதியை அதன் பக்கத்தில் தருதல் வேண்டும். ஆங்கிலத் தேதி மட்டும் சென்றால், கூட்டப்பட்டது 824-ஆ 825-ஆ என்று அறிய அலுவலகத்தாருக்கு வழியில்லை.