வாசிக்கச் சொன்னால் வயிற்று வலி!

"புத்தகத்தை எடு" என்று சொன்னதுமே தண்ணீர் குடிக்க ஓடும் பிள்ளை, "வயிறு வலிக்குது" என்று சுருண்டு கொள்ளும் பிள்ளை எந்த வகுப்பில்தான் இல்லை? 'படிப்பு ஏறாத கட்டை' என்று நாமும் சுலபமாகப் பெயர் வைத்து விடுகிறோம். கொஞ்சம் பொறுங்கள் தோழிகளே!

கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்த பிறகு, 2021-ல் தமிழக அரசு 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தைத் தொடங்கியது ஞாபகம் இருக்கும். பிளஸ் டூ படித்த நானும் தன்னார்வலராகச் சேர்ந்தேன். மாதம் 1,000 ரூபாய். ("இதுக்கு இட்லி மாவு வித்தாக்கூட லாபம்" என்று கிண்டல் செய்தவர் யாரென்று சொல்லவும் வேண்டுமா?) மாலையானால் எங்கள் வீட்டுத் திண்ணையில் 18 பிள்ளைகள்.

அதில் ஒரு நாலாம் வகுப்புப் பையனுக்குத்தான் தினமும் அந்த வயிற்று வலி. பள்ளி மூடும்போது அவன் இரண்டாம் வகுப்பு. திறந்தபோது நாலாம் வகுப்பு. நடுவில் போன எழுத்துகளை யார் சொல்லிக் கொடுத்தார்கள்? நாலாம் வகுப்புப் பாடத்தை எழுந்து நின்று வாசி என்றால் மற்ற பிள்ளைகள் சிரிப்பார்கள் என்ற பயம் அவனுக்கு.

ஒருநாள் பஸ் ஸ்டாப்பில் அவன் பாட்டியிடம், "வத்தலக்குண்டு வண்டி வருது ஆயா" என்கிறான். போர்டைப் பார்த்துத்தான் சொன்னான்! அன்று சாயங்காலமே சிலேட்டில் 'வத்தலக்குண்டு' என்று எழுதினேன். பின்பாதியைக் கையால் மறைத்து, 'ல' மேல் ஒரு புள்ளி வைத்தேன். "வத்தல்" என்று சிரித்தான். அடுத்து முன்பாதியை மறைத்தால் குண்டு. 'கு'வை மட்டும் அழித்து மாற்றினால் துண்டு, வண்டு, நண்டு! அப்புறம் அவனே "செம்பட்டி எழுதுங்கக்கா, தேனி எழுதுங்கக்கா" என்று ஆரம்பித்து விட்டான்.

அவனைத் தனியாக எழுப்பி வாசிக்கச் சொன்னதே இல்லை. முதலில் எல்லாரும் சேர்ந்து, பிறகு இரண்டிரண்டு பேராக. தப்பாக வாசித்தாலும் வரி முடியும்வரை வாயைத் திறக்க மாட்டேன். (இதுதான் மகா கஷ்டம்!) ஒன்றாம் வகுப்பு வாண்டுகளுக்கு நண்டு, வண்டு சொல்லிக் கொடுக்கும் வேலையையும் அவனிடமே விட்டேன். மூன்று மாதத்தில் வயிற்று வலி போன இடம் தெரியவில்லை. ழகரம் மட்டும் கடைசிவரை தகராறுதான்.

2022-ல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டத்திலும் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்துப் பிரித்துத்தான் சொல்லிக் கொடுத்தார்கள். வீட்டில் நாம்தான் அரும்பின் கையில் மலர் பாடத்தைக் கொடுத்துவிட்டு, "பக்கத்து வீட்டுப் பொண்ணைப் பாரு, எப்படிப் படிக்குது" என்று வேறு குத்திக் காட்டுகிறோம்.

இன்னொன்று, எழுத்து தெரிந்த பிள்ளையே போர்டைப் பார்த்துத் தப்புத் தப்பாக எழுதினால் திட்டுவதற்கு முன் கண்ணைப் பரிசோதியுங்கள். எங்கள் திண்ணையில் ஒரு பெண் குழந்தைக்குக் கண்ணாடி போட்டதும் பாதிப் பிழை காணாமல் போனது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கண்ணாடி இலவசமாகவே கிடைக்கிறது. டீச்சரிடம் கேளுங்கள்.

- ஒரு வாசகி, திண்டுக்கல் மாவட்டம்.