தமனி ரத்தமும் ஒரு காற்றுக் குமிழியும்

டீயைக் குடிம்மா, குடித்துக்கொண்டே கேள். நம் உறையூருக்குப் பக்கத்திலேயே புத்தூர் பெரியாஸ்பத்திரி. அங்கே ஹவுஸ் சர்ஜனாகச் சேர்ந்ததும் உன்னை ஏபிஜி, அதாவது தமனி ரத்த வாயுப் பரிசோதனைக்கு ரத்தம், எடுக்கச் சொல்வார்கள். எடுப்பதற்கு முன்னால் 1952இல் கோபன்ஹேகனில் நடந்ததைத் தெரிந்துகொள்.

அங்கே போலியோ பரவி, மூச்சுத் தசை செயலிழந்தவர்கள் வரிசையாக இறந்தார்கள். ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடின் மொத்த அளவு ஏறியிருந்தது. காரம் மிகுந்துவிட்டது என்று மருத்துவர்கள் நினைத்தார்கள். மயக்க மருத்துவர் பியோர்ன் இப்சன் அதை மறுத்தார்: மூச்சு போதாமல் வாயு உள்ளேயே தேங்குகிறது, ரத்தம் அமிலமாகிறது என்றார். பிஎச் அளந்தபோது அவர் சொன்னதே சரி. தொண்டையில் துளையிட்டு, மருத்துவ மாணவர்கள் இரவும் பகலும் கையால் பையை அமுக்கி மூச்சு கொடுத்தார்கள். எத்தனை உயிர்கள் பிழைத்தன!

கோபன்ஹேகனில் எண் சரி, அதற்குக் கொண்ட பொருள்தான் தப்பு. நம் கை பிசகினால் எண்ணே தப்பாகிவிடும். சிரிஞ்சில் சின்னக் காற்றுக் குமிழி நின்றாலும் போதும். காற்றில் ஆக்சிஜன் அழுத்தம் சுமார் 150 மிமீ, கார்பன் டை ஆக்சைடு இல்லாத மாதிரிதான். அதனால் ஆக்சிஜன் 50இல் தவிக்கிறவர் தாளில் தேறியவராகத் தெரிவார். எடுத்தவுடன் குமிழியை வெளியே தள்ளு. அரை மணிக்குள் இயந்திரத்துக்குக் கொண்டுபோ. ரத்த அணுக்கள் சிரிஞ்சுக்குள்ளும் ஆக்சிஜனைத் தின்றுகொண்டே இருக்கும். ரத்தம் உறையாமலிருக்க சிரிஞ்சில் போடும் திரவ ஹெப்பாரின் மிஞ்சினால் கார்பன் டை ஆக்சைடும் பைகார்பனேட்டும் குறைவாகத் தெரியும்.

குத்துமுன் ஆலன் சோதனை செய். நோயாளி கையை இறுக மூடட்டும். மணிக்கட்டின் இரு தமனிகளையும் அழுத்து. கையைத் திறக்கச் சொல்லி, சுண்டுவிரல் பக்கத்தை மட்டும் விடு. வெளிறிய உள்ளங்கை சட்டென்று சிவக்கவேண்டும். சிவக்காவிட்டால் அந்தக் கையை விட்டுவிடு. இந்தச் சோதனையும் சில நேரம் ஏமாற்றும், ஆனாலும் தவிர்க்காதே. நாடியை விரலால் உணர்ந்து, 45 டிகிரிச் சாய்வில் ஊசியை நுழை. தமனியில் பட்டால் ரத்தம் தானே ஏறும். வலிக்கும் என்று முன்னாலேயே சொல்லிவிடு.

எடுத்தபின் 5 நிமிடம் நீயே அழுத்திப் பிடி. ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவர் என்றால் இன்னும் அதிக நேரம். பஞ்சை அவர் கையில் கொடுத்துவிட்டு நகராதே, அப்படி விட்டால்தான் ரத்தம் கட்டிக்கொள்ளும்.

முடிவைப் படிக்கும்போது முதலில் பிஎச், 7.35 முதல் 7.45. பிறகு கார்பன் டை ஆக்சைடு, 35 முதல் 45. அப்புறம் பைகார்பனேட், 22 முதல் 26. எவ்வளவு ஆக்சிஜன் ஓடும்போது எடுத்தாய் என்பதைச் சீட்டில் எழுதிவிடு. அது இல்லாமல் ஆக்சிஜன் எண்ணை வைத்து எதுவும் சொல்ல முடியாது.