போனில் 500 நம்பர்... மனசு உடைந்தால் யாரை அழைப்பது? 'ஆதரவு வட்டம்' அமைப்பது எப்படி?

போனில் 500 பேரின் நம்பர் இருக்கும். வாட்ஸ்அப்பில் 20 குரூப் இருக்கும். ஆனால் ராத்திரி 11 மணிக்கு மனசு சரியில்லாமல் உட்காரும்போது, "இப்ப யாருக்குப் போன் பண்றது?" என்று விரல் மேலும் கீழும் தேடும். கடைசியில் யாரையும் அழைக்காமலே போனை வைத்துவிடுவோம். வேலைக்காக ஊரை விட்டு வந்து ஹாஸ்டலிலும் பிஜியிலும் தங்கியிருக்கும் பலருக்கு இது பழகிப்போன விஷயம்.

ஊரில் இருந்தவரை திண்ணை, டீக்கடை, சித்தி வீடு என்று பேச ஆள் இருந்தது. புது ஊரில் அது தானாக அமையாது. நாம்தான் அமைத்துக்கொள்ள வேண்டும். எப்படி? பார்க்கலாம்.

ஆதரவு வட்டம் ஏன் தேவை?

உலகில் 6 பேரில் ஒருவர் தனிமை உணர்வால் பாதிக்கப்படுகிறார் என்கிறது உலக சுகாதார நிறுவனம் 2025 ஜூனில் வெளியிட்ட அறிக்கை. 1938ல் தொடங்கி இன்றும் தொடரும் ஹார்வர்டு பல்கலைக்கழக ஆய்வு, பணத்தையும் புகழையும் விட நெருக்கமான உறவுகளே மனிதர்களை நலமாக வைத்திருப்பதாகச் சொல்கிறது.

நெருங்கியவர்கள் இருந்தால் பிரச்னையே வராது என்று அர்த்தமில்லை. பிரச்னை வரும்போது விழும் அடியின் வேகம் குறையும். அவ்வளவுதான். ஆனால் அதுவே பெரிய விஷயம்.

வட்டத்தில் யார் யார் இருக்க வேண்டும்?

அமெரிக்க சமூகவியலாளர் ஜேம்ஸ் ஹவுஸ், 1981ல் சமூக ஆதரவை 4 வகையாகப் பிரித்தார். நம்ம ஊர் பாஷையில் சொன்னால் இப்படி:

1. காது கொடுப்பவர்: அறிவுரை சொல்லாமல், நடுவில் குறுக்கிடாமல் கேட்பவர்.

2. கை கொடுப்பவர்: காய்ச்சலில் படுத்தால் கஞ்சி வாங்கி வருபவர். ஆஸ்பத்திரிக்குக் கூட வருபவர். பெரும்பாலும் பக்கத்து ரூம்காரராகத்தான் இருப்பார்.

3. வழி சொல்பவர்: அட்வான்ஸ் பணத்தை வீட்டு ஓனர் தராவிட்டால் என்ன செய்வது, எந்த டாக்டரைப் பார்ப்பது என்று விவரம் தெரிந்தவர்.

4. உள்ளதைச் சொல்பவர்: "இதுல தப்பு உன் பேர்லதான்" என்றும் சொல்வார், "நீ நல்லாத்தான் பண்ணியிருக்க" என்றும் சொல்வார். அவர் சொன்னால் நமக்கு நம்பிக்கை வரும்.

இந்த நாலும் ஒரே ஆளிடம் கிடைக்காது. பலரும் சறுக்குவது இங்கேதான். "சாப்பிட்டியா?" என்று அக்கறையாகக் கேட்கும் அம்மாவுக்கு ஆபீஸ் அரசியல் புரியாமல் போகலாம். எல்லாவற்றையும் கணவர் அல்லது மனைவி மேலேயே இறக்கி வைத்தால் அவரும் களைத்துப்போவார். அதேசமயம் பெரிய கூட்டமும் தேவையில்லை. ஒரு மனிதருக்கு மிக நெருக்கமானவர்கள் சுமார் 5 பேர்தான் என்பது பிரிட்டன் ஆய்வாளர் ராபின் டன்பாரின் கணக்கு.

எங்கிருந்து தொடங்குவது?

* ஒரு தாளில் இந்த 4 தலைப்பையும் எழுதி, எதிரே பெயர்களை நிரப்புங்கள். எந்த இடம் காலியோ, அங்கேதான் ஆள் தேவை.

* பிரச்னை வந்த பிறகு தேடாதீர்கள். விட்டுப்போன கல்லூரி நண்பருக்கு இன்றே "எப்படி இருக்க?" என்று அனுப்பலாம். ஞாயிற்றுக்கிழமை ஒரு போன், ஒரே நேரத்தில் வாக்கிங், நூலகம், விளையாட்டு மைதானம் என்று அடிக்கடி பார்க்கிற முகங்கள்தான் நெருக்கமாகின்றன.

* என்ன வேண்டும் என்பதை வாய்விட்டுக் கேளுங்கள். "தீர்வெல்லாம் வேணாம், 10 நிமிஷம் கேட்டா போதும்" என்று சொன்னால் எதிரில் இருப்பவருக்கும் சுலபம்.

* வெளியே போய்விடுமோ என்ற பயமா? முதலில் சின்ன விஷயம் ஒன்றைச் சொல்லிப் பாருங்கள். அது நாலு பேர் காதுக்குப் போகவில்லை என்றால், அடுத்ததைச் சொல்லலாம்.

* உங்கள் கஷ்டத்துக்கு மட்டும் அழைக்காதீர்கள். அவர்கள் கஷ்டத்துக்கும் போய் நில்லுங்கள்.

உங்களை ஒருவர் அழைத்தால்?

"இதெல்லாம் ஒரு விஷயமா?", "என் கஷ்டத்தைக் கேட்டா..." இந்த இரண்டையும் தவிருங்கள். பேச்சில் சாவு பற்றிய குறிப்பு வந்தால், "உயிரை விடணும்னு தோணுதா?" என்று நேரடியாகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆமாம் என்றால் தனியாக விடாதீர்கள். "யார்கிட்டயும் சொல்லாதே" என்றாலும், உயிர் சம்பந்தப்பட்ட விஷயத்தில் ரகசியம் காக்க வேண்டியதில்லை.

நண்பர்கள் போதாது என்பது எப்போது?

2 வாரத்துக்கு மேல் சோகம் விலகவில்லை, தூக்கமும் பசியும் கெட்டுப்போனது, எதிலும் பிடிப்பில்லை என்றால் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும், மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. அரசு மனநலச் சேவையைப் பெறுவது 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி ஒவ்வொருவரின் உரிமை. தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருப்பவராகவே அந்தச் சட்டம் கருதுகிறது. அதனால் போலீஸ், கேஸ் என்று பயந்து சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது.

உயிரை விடும் எண்ணம் வந்தால் 2 வாரம் காத்திருக்க வேண்டாம். அந்த நிமிடமே அழைக்க வேண்டும்.

இந்த எண்களை இப்போதே போனில் சேமித்துக்கொள்ளுங்கள்:

டெலி மானஸ் (24 மணி நேரம், இலவசம், தமிழில் பேசலாம்): 14416
தமிழ்நாடு அரசு சுகாதார உதவி மையம்: 104
சினேகா தற்கொலைத் தடுப்பு மையம், சென்னை: 044-24640050