வழிதவறிய கழுகும் வண்டி கட்டிய கூட்டமும்

ஒற்றைப் பறவையைப் பார்க்க நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் கார் ஓட்டிப் போவதை வெட்டிச் செலவு என்பார்கள். அதுவும் வழிதவறி வந்த பறவை என்றால் கேட்கவே வேண்டாம். ஸ்டெல்லர் கடற்கழுகு ரஷ்யாவின் கம்சாத்கா, ஒகோட்ஸ்க் கடலோரங்களில் கூடு கட்டுவது. குளிர்காலத்தில் ஜப்பானின் ஹொக்கைடோ வரை இறங்கும். உலகில் மொத்தமே சில ஆயிரம்தான். அவற்றில் ஒன்று 2020 ஆகஸ்டில் அலாஸ்காவின் உள்நாட்டில் தென்பட்டது. 2021இல் கனடாவின் கிழக்குக் கரையில் திரிந்தது. டிசம்பரில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில், டான்டன் ஆற்றங்கரையில் வந்து உட்கார்ந்தது. கம்சாத்காவிலிருந்து நேர்கோட்டில் அளந்தாலே ஏறத்தாழ 8,000 கி.மீ. அடுத்து அது போன மெய்ன் மாநிலத்தில் மட்டும் அதைப் பார்க்க இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் திரண்டதாகப் பின்னர் ஓர் ஆய்வு மதிப்பிட்டது.

இத்தனை இடங்களில் தெரிந்தது ஒரே கழுகுதான் என்பதற்குச் சான்று, அதன் மேலிறக்கையில் இருந்த வெள்ளைத் திட்டுகள். காலில் வளையமோ முதுகில் கருவியோ இல்லாத பறவையின் பயணத்தை, ஒருவரையொருவர் அறியாத மனிதர்கள் எடுத்த படங்களை ஒப்பிட்டே கோக்க முடிந்தது. ஆனால் இதை வைத்துக் கூட்டம் முழுவதற்கும் அறிவியல் பட்டம் கட்டிவிடக் கூடாது. தடத்தைக் காட்டியவை ஒவ்வோர் ஊரிலும் முதலில் கிடைத்த சில படங்கள். ஆயிரமாவது ஆள் எடுத்த ஆயிரமாவது படம் புதிதாக என்ன சொல்லும்? கூட்டம் கூடினால் பக்கத்தில் இருக்கும் வேறு அரிய பறவைகளும் கண்ணில் படும் என்பது பறவை ஆர்வலர்களின் நெடுநாள் நம்பிக்கை. ஓரிகான் மாநிலத்தின் பத்தாண்டு இ-பேர்ட் இணையதளப் பறவைப் பதிவுகளை அலசி 2021இல் வெளியான ஆய்வு, ஆள்வரத்து கூடியதே தவிர அரிய பறவைகள் கூடுதலாகச் சிக்கவில்லை என்றது.

வழிதவறிய தனிப் பறவைக்கே உயிரியலில் மதிப்பில்லை என்ற வாதத்தை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. ஆப்பிரிக்காவின் உண்ணிக்கொக்கு 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அட்லாண்டிக்கைத் தாண்டித் தென் அமெரிக்காவில் இறங்கியபோது அதுவும் வழிதவறிய பறவைதான். 1950களில் அது ஃபுளோரிடாவில் குஞ்சு பொரித்துக்கொண்டிருந்தது. எந்த விருந்தாளி தங்கிவிடும் என்பது முன்கூட்டித் தெரியாது. ஆகவே எல்லா வருகையையும் குறித்துவைக்க வேண்டியிருக்கிறது. தனியாக வந்த கழுகு ஒருவேளை சந்ததி விடாமலே போகலாம். அதற்காகக் குறிப்பு வீணாகாது.

தொலைவிலிருந்து போகிறவர் அறிவியலுக்குத் தருவது மிகக் குறைவு. பணமாகத் தருவதே அதிகம். கழுகைப் பார்க்க வந்தவர்களை எண்ணிய ஆய்வின்படி மெய்னில் தலைக்குச் சுமார் 180 டாலர், மொத்தம் 3.8 முதல் 4.8 லட்சம் டாலர் வரை செலவாகியிருக்கிறது. பெட்ரோல் பங்குக்கும் விடுதிக்கும் உணவகத்துக்கும் போன அந்தப் பணத்தில் சதுப்புநிலத்துக்கு ஒரு பங்கு ஒதுக்க ஏற்பாடு எதுவும் இல்லாதது வேடிக்கை. எரிந்த எரிபொருளுக்கு இந்தப் பணம் ஈடாகாது. அந்தக் கணக்கில் இப்பயணங்களை எதிர்ப்பவர்கள் சொல்வது சரி. கழுகு பிறகு மெய்னிலிருந்து கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக்கு நகர்ந்தது. அங்கே அது அடுத்தடுத்த கோடைகளிலும் இருந்ததைச் சொன்னவர்களில் அக்கரையோரத்து மக்களும் படகுக்காரர்களும் உண்டு. அவர்கள் அதற்காக எங்கும் பயணம் போகவில்லை.