ஷட்டரைத் தூக்குங்க... உள்ளே ஒரு ப்ளேன்!

அமெரிக்காவில் சில வீடுகளில் கார் பனியிலும் வெயிலிலும் தெருவிலேயே கிடக்கும். ஷெட்டுக்குள் இடமில்லை. அங்கே விமானம் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்! பொம்மை என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டு பேர் ஏறி உட்கார்ந்து, எஞ்சினைக் கிளப்பி, ஊர் விட்டு ஊர் பறந்து போகிற அசல் விமானம். கட்டுகிறவர் பல் டாக்டராக இருப்பார், பள்ளிக்கூட வாத்தியாராக இருப்பார், ரிட்டயரான தபால்காரராகக்கூட இருப்பார். பாதிக்கு மேற்பட்ட வேலையை நீயே கற்றுக்கொள்வதற்காகவோ பொழுதுபோக்காகவோ செய்திருக்கிறாயா? அப்படியானால் பதிவு செய்துகொள், பரிசோதனைக்கு நிறுத்து, பற என்கிறது அந்த நாட்டுச் சட்டம். கட்டுகிறவர்கள் பாஷையில் இது '51 சதவீத விதி'.

சரி, உள்ளே போவோம். பார்த்து வாங்க, வழியில் ஏர் கம்ப்ரசர் நிற்கிறது.

முதலில் கண்ணில் படுவது ஒரு பெரிய பெட்டி. ஒரிகான் மாநிலம் அரோராவில் இருக்கும் வேன்ஸ் ஏர்கிராஃப்ட் அனுப்பியது. ரிச்சர்ட் வேன்க்ரன்ஸ்வென் என்ற பொறியாளர் தனக்காகச் செய்துகொண்ட ஆர்வி-3 என்ற ஒற்றை இருக்கை விமானம் 1971இல் பறந்தது. பார்த்தவர்கள் எல்லாம் 'எனக்கும் வேண்டும்' என்றார்கள், கம்பெனி பிறந்தது. அந்த ஆர்வி குடும்பத்தில் இதுவரை ஷெட்டிலிருந்து வானத்துக்குப் போனவை 11,000க்கும் மேல்!

பெட்டியைத் திறந்ததும் இறக்கை வரும் என்று பார்க்கிறீர்களா? வால்தான் வரும். எல்லோருக்கும் ஆரம்பம் வால்தான். சின்னது, விலை குறைவு, சொதப்பினால் அந்தத் தகட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்கலாம். வால் முடிவதற்குள் கை பழகிவிடும். இந்த மனுஷன் கடைசிவரை தாக்குப்பிடிப்பாரா என்று வீட்டாருக்கும் தெரிந்துவிடும்.

அலுமினியத் தகடுகளில் துளைகள் ஏற்கெனவே போட்டே வருகின்றன. ஆனாலும் தகடுகளைப் பிணைக்கும் ரிவெட் ஆணிகளை உடனே அடிக்க முடியாது. ஒவ்வொரு துளைக்கும் இரண்டு பக்கமும் பிசிறு எடுத்தாக வேண்டும். விட்டுவைத்தால் என்றைக்காவது அங்கிருந்துதான் விரிசல் கிளம்பும். துளைகளோ ஆயிரக்கணக்கில்! சாயங்காலம் சாயங்காலமாக உட்கார்ந்து பிசிறு எடுப்பார்கள். அலுப்பான வேலைதான், ஆனால் இதில் சொக்கிப்போகிறவர்கள்தான் கடைசியில் விமானத்தை முடிக்கிறார்கள் என்பது என் கட்சி. பறக்கிற ஆசை மட்டும் இருப்பவர், ரெடிமேடாக ஒன்றை வாங்கிக்கொண்டு போயிருப்பார்.

பிசிறு எடுத்த தகடுகளைத் தற்காலிகமாகப் பிணைத்து வைப்பதற்கு 'க்ளீக்கோ' என்றொரு குட்டிச் சாமான். விரல் நீளம், உள்ளே ஸ்பிரிங். செம்பு நிறமென்றால் எட்டில் ஒரு அங்குலத் துளைக்கு. வெள்ளி நிறமென்றால் அதைவிடச் சின்னதுக்கு. நூற்றுக்கணக்கில் க்ளீக்கோ குத்திய இறக்கை மேசை மேல் பலாப்பழம் மாதிரி முள் சிலிர்த்துக் கிடக்கும். ஷெட்டுக்கு வருகிறவர்கள் போட்டோ எடுத்துக்கொள்வது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான்.

இனிமேல்தான் கச்சேரி! ஒருவர் வெளிப்பக்கம் ரிவெட் கன்னைப் பிடிப்பார். இன்னொருவர் பின்பக்கம் கையை விட்டு, வழவழப்பான இரும்புக் கட்டி ஒன்றை ரிவெட்டின் முனையில் அழுத்திக்கொள்வார். டர்ர்ர்ர்! முனை நசுங்கிப் பொத்தானாகப் பரந்துவிடும். அதற்கும் அளவு இருக்கிறது: தண்டின் விட்டத்தைப் போல ஒன்றரை மடங்கு அகலம், அரை மடங்கு உயரம். தப்பினால் டிரில் வைத்துப் பிடுங்கிவிட்டு மறுபடி அடி. ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது, காதிலோ அடைப்பான். 'ரெடியா?', 'அடி!', 'போதும், போதும்!' என்று தகட்டின் இரண்டு பக்கமிருந்தும் கத்திக்கொள்ள வேண்டியதுதான். இரும்புக் கட்டியோடு உள்ளே மாட்டிக்கொள்வது அனேகமாக வாழ்க்கைத் துணை. ஜாதகப் பொருத்தம் பார்ப்பதற்குப் பதில் ஜோடியாக நாலு வரிசை ரிவெட் அடிக்கச் சொல்லிப் பார்க்கலாம்!

கன் வழுக்கினால் தகட்டில் பிறை வடிவத்தில் ஒரு வடு விழும். அதன் செல்லப் பெயர் 'ஸ்மைலி'. தகடு சிரிக்கும், அடித்தவருக்கு அழுகை வரும்.

கொஞ்சம் மூக்கைப் பிடித்துக்கொள்ளுங்கள், பெட்ரோல் டேங்குக்கு வந்துவிட்டோம். தனி டேங்க் எல்லாம் கிடையாது. இறக்கையின் முன்பகுதியே டேங்க். அதன் ஒவ்வொரு இணைப்பிலும், ஒவ்வொரு ரிவெட்டிலும் ப்ரோசீல் என்ற கரும்பசையை அப்ப வேண்டும். கையுறை, சட்டை, கதவுக் கைப்பிடி என்று அது போகாத இடமில்லை. பட்டால் போகவும் போகாது. கசிவு இருக்கிறதா என்று எப்படிப் பார்க்கிறார்கள் தெரியுமா? டேங்கின் வாயில் ஒரு பலூனைக் கட்டி லேசாகக் காற்றடித்து விட்டுவிடுவார்கள். ஆமாம், பிறந்தநாள் பலூன்! காலையில் பலூன் தளர்ந்து போயிருந்தால் நெஞ்சு படபடக்கும். டேங்கில் ஓட்டையா, ராத்திரிக் குளிரில் காற்று சுருங்கிவிட்டதா? சோப்புத் தண்ணீரைப் பூசி, எங்கே நுரைக்கிறது என்று தேட வேண்டியதுதான்.

இந்தக் கிறுக்கு நூறு வருஷத்துக்கும் மேல் பழசு. பாரிஸில் வாழ்ந்த பிரேசில்காரர் சாண்டோஸ்-டூமோன் தன் குட்டி விமானமான 'தெமுவாசெல்' வரைபடத்தை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்; 1910இல் அது பத்திரிகையிலேயே வந்தது. 1929இல் மின்னசோட்டாவின் பீட்டன்போல் ஃபோர்டு மாடல்-ஏ கார் எஞ்சினையே மூக்கில் மாட்டிப் பறக்கவிட்டார். அந்த டிசைனை இன்றைக்கும் கட்டுகிறார்கள். 1930களில் பிரான்சின் ஆன்ரி மிக்னே 'வானத்துப் பேன்' என்ற விமானத்தால் ஐரோப்பாவையே மயக்கினார். அது சோகத்தில் முடிந்தது. மூக்கு குப்புறச் சாய்ந்தால் நிமிராத கோளாறு அதில் இருந்தது. உயிர்கள் போயின, தடை வந்தது. இங்கே மும்பையில், விமானி அமோல் யாதவ் காந்திவலி அடுக்குமாடியின் மொட்டை மாடியில் ஆறு பேர் உட்காரும் விமானத்தையே கட்டினார். 2016இல் 'மேக் இன் இந்தியா' கண்காட்சியில் கூட்டம் அதைச் சூழ்ந்துகொண்டது. பதிவு எண் கிடைக்க 2017 ஆகிவிட்டது.

மறுபடி நம் ஷெட். உடற்பகுதி உருவம் பெற்றதும் ஒரு சடங்கு உண்டு. இருக்கை இருக்காது, எஞ்சின் இருக்காது, ஆனாலும் கட்டியவர் உள்ளே ஏறி உட்கார்ந்து வாயாலேயே 'ர்ர்ரூம்ம்' என்று ஓட்டிப் பார்ப்பார். அறுபது வயதுக்காரரும் இதற்கு விலக்கில்லை! அப்போது எவ்வளவு வேலை முடிந்திருக்கிறது என்று கேட்டால் வழக்கமான பதில் தயார்: '90 சதவீதம் முடிஞ்சது, இன்னும் 90 சதவீதம்தான் பாக்கி.' வயரிங், கண்ணாடி மூடி, எஞ்சின் என்று சேர்ந்துகொண்டே போகும். மொத்தச் செலவு ஒரு லட்சம் டாலரை அனாயாசமாகத் தாண்டும். அதில் பெரும் பங்கை எஞ்சின் விழுங்கிவிடும்.

அப்புறம் இறக்கை தனியாக, உடல் தனியாக டிரெய்லரில் ஏறி விமான நிலையம் போகும். தரைக்குக் கீழே உள்ள அறையில் கட்டிவிட்டு, சுவரை இடித்து வெளியே எடுத்தவர்களும் உண்டு. காக்பிட் அருகே 'எக்ஸ்பெரிமென்டல்' என்று குறைந்தது 2 அங்குல உயரத்தில் எழுதியாக வேண்டும். எஞ்சினைப் பொறுத்து முதல் 25 அல்லது 40 மணி நேரம் சோதனைப் பறத்தல். ஊர் சுற்றிக் காட்ட யாரையும் ஏற்றக் கூடாது. இரும்புக் கட்டி பிடித்த துணை அதுவரை தரையில் நின்று கையசைக்க வேண்டியதுதான்.

சோதனை முடிந்தால் அடுத்து எங்கே? ஜூலைக் கடைசியில் விஸ்கான்சினின் ஆஷ்காஷ்! விமானம் கட்டுகிறவர்களுக்காகப் பால் போபரெஸ்னி 1953இல் தொடங்கிய ஈஏஏ சங்கத்தின் திருவிழா. அந்த வாரம் உலகிலேயே அதிகப் பரபரப்பான கட்டுப்பாட்டுக் கோபுரம் அங்கேதான். ரயில் தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டு வரிசையாக விமானங்கள் வரும். கீழே பைனாகுலரோடு நிற்கும் கட்டுப்பாட்டாளர் நிறத்தைச் சொல்லிக் கூப்பிடுவார். வாயால் பதில் சொல்லக் கூடாது, இறக்கையை ஆட்டிக் காட்ட வேண்டும்! ஓடுபாதையில் பெயின்ட் அடித்த வண்ணப் புள்ளிகள். 'நீ பச்சையில் இறங்கு, நீ ஆரஞ்சில் இறங்கு' என்று ஒரே பாதையில் அடுத்தடுத்து இறக்கிவிடுவார்கள்.

விமானத்தைக் கட்டியவருக்கு வருடாந்திரச் சோதனையைத் தானே செய்துகொள்ளும் சான்றிதழும் கிடைக்கும், அந்த ஒரு விமானத்துக்கு மட்டும். விற்றால் வாங்கியவருக்கு அந்த உரிமை கிடைக்காது. ஆனாலும் விற்றுவிடுகிறார்கள். ஏன்? ஷெட் காலியாகிவிட்டதாம், கை துறுதுறுக்கிறதாம்! 'பழைய குற்றவாளிகள்' என்று தங்களையே கேலி செய்துகொண்டு இன்னொரு வாலுக்கு ஆர்டர் கொடுக்கிறார்கள். கார் மறுபடியும் தெருவுக்கு.