சுற்றும் சக்கரமும் சும்மா நிற்கும் சக்கரமும்

மழை பெய்து ஓய்ந்த மண் பாதை. ஒரு ஜீப் சேற்றில் சிக்கிக் கொள்கிறது. டிரைவர் என்ஜினை உறுமவிடுகிறார். ஒரு சக்கரம் மட்டும் கிர்ரென்று சுற்றிச் சேற்றை வாரி இறைக்கிறது. அதன் ஜோடிச் சக்கரம் கெட்டி மண்ணில்தான் நிற்கிறது. ஆனால் அது அசையவே இல்லை!

நல்ல தரையில் நிற்கும் சக்கரம் ஏன் வண்டியைத் தள்ளவில்லை?

வளைவில் வந்த வினை

மாட்டு வண்டிக்கு இந்தத் தொல்லை கிடையாது. மாடு இழுக்கிறது, சக்கரங்கள் தனித்தனியே உருளுகின்றன. மோட்டார் வண்டியில் சக்கரத்தைச் சுற்றுவதே என்ஜின்தான்.

வண்டி வளைவில் திரும்பும்போது, வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும். உட்பக்கச் சக்கரம் குறைந்த தூரம் ஓடினால் போதும். இரண்டையும் ஒரே அச்சில் இறுகப் பிணைத்துவிட்டால் வண்டி ஒழுங்காகத் திரும்பாது. டயரும் தேயும். ஆகவே நடுவில் சில பல்சக்கரங்களை வைத்தார்கள். அதற்கு டிபரன்ஷியல் என்று பெயர். பெக்கூர் என்ற பிரெஞ்சுக்காரர், கடிகாரம் செய்பவர், சுமார் 200 ஆண்டுகளுக்கு முன்பே நீராவி வண்டிக்காக இதை அமைத்தார்.

இந்த டிபரன்ஷியலுக்கு ஒரு குணம் உண்டு. இரண்டு சக்கரங்களுக்கும் சமமான விசையைத்தான் கொடுக்கும். சேற்றில் நிற்கும் சக்கரத்தைச் சுற்ற எவ்வளவு விசை வேண்டும்? கொஞ்சம் போதும். எனவே கெட்டி மண்ணில் நிற்கும் சக்கரத்துக்கும் அதே கொஞ்சம்தான் கிடைக்கிறது. வண்டியை நகர்த்த அது போதாது.

பூட்டும் பிரேக்கும்

இதற்கு இரண்டு வைத்தியங்கள் உள்ளன.

முதலாவது, பூட்டு. டிபரன்ஷியலை அசையாமல் பூட்டிவிட்டால் இரு சக்கரங்களும் ஒன்றாகவே சுற்றும். ஒன்று அந்தரத்தில் தொங்கினாலும், மற்றது வண்டியைத் தள்ளும். பழைய முறை, பலமான முறை. ஆனால் பூட்டியபடி தார் ரோட்டில் திரும்பினால் டயர் உரசும், அச்சு திணறும். வழுக்கும் சரிவில் இரு சக்கரமும் சேர்ந்து சறுக்கி, வண்டி பக்கவாட்டில் போய்விடவும் கூடும்.

இரண்டாவது, கம்ப்யூட்டர் வைத்தியம். ஒவ்வொரு சக்கரத்தின் வேகத்தையும் ஒரு கருவி கவனிக்கிறது. ஒன்று மட்டும் வெறுமனே சுற்றினால், அந்தச் சக்கரத்துக்கு மட்டும் பிரேக் விழுகிறது! இப்போது அதைச் சுற்ற அதிக விசை வேண்டும். உடனே மறு சக்கரத்துக்கும் அதே விசை கிடைக்கிறது. வண்டி நகருகிறது. டிரைவர் எந்தப் பொத்தானையும் தொட வேண்டியதில்லை. மழை நாளில் ஊருக்குள் ஓட்டுகிறவர்களுக்கும் இது உதவும்.

குறை இல்லாமலா? சக்கரம் முதலில் சுற்றினால்தான் கம்ப்யூட்டருக்கு விஷயம் தெரியும். ஒரு கண நேரம்தான். ஆனால் இளகிய மணலில் அந்த ஒரு கணத்தில் சக்கரம் குழி பறித்துவிடும். நெடுநேரம் வேலை செய்தால் பிரேக் சூடேறும். சூடு மிகுந்தால், அது ஆறும் வரை கம்ப்யூட்டர் கை விரித்துவிடும்.

காணாமல் போன நெம்பு

இங்கிலாந்தில் நடந்த கதை சுவையானது. எப்போதும் நான்கு சக்கரங்களும் இயங்கும் வண்டியில், முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவிலும் ஒரு டிபரன்ஷியல் உண்டு. 1989-ல் வந்த லேண்ட்ரோவர் டிஸ்கவரியில் அதைப் பூட்ட ஒரு நெம்பு இருந்தது.

1998-ல் புது டிஸ்கவரி வந்தது. நெம்பைக் காணோம்! பிரேக்கைக் கொண்டு கம்ப்யூட்டரே எல்லாவற்றையும் பார்த்துக் கொள்ளும் என்றார்கள்.

மலையும் சேறும் பழகியவர்கள் இதை ஏற்கவில்லை. சிலர் வண்டிக்கு அடியில் புகுந்து பார்த்தார்கள். ஆரம்ப கால வண்டிகளில் பூட்டு உள்ளேயே இருந்தது. நெம்பைத்தான் பொருத்தவில்லை! வெளியிலிருந்து நெம்பு வாங்கி மாட்டிக் கொண்டார்கள். கடைசியில் கம்பெனியும் இறங்கி வந்தது. 2004 மாடலில் பூட்டு திரும்பி வந்தது. அடுத்து வந்த டிஸ்கவரி 3 வண்டியில் பூட்டும் பிரேக் முறையும் சேர்ந்தே இருந்தன. பூட்டுவதைக்கூட கம்ப்யூட்டரே செய்தது. இரண்டும் சேர்ந்திருப்பதே சரி என்பது என் எண்ணம்.

நம் நாட்டில்

2023-ல் நம் நாட்டில் விற்பனைக்கு வந்த மாருதி ஜிம்னி, பிரேக் முறையை நம்புகிறது. எடை குறைந்த வண்டி. அதற்கு அது பெரும்பாலும் போதும். போர்ஸ் கூர்க்காவில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் பூட்டு உண்டு. 2024-ல் வந்த மகிந்திரா தார் ராக்ஸின் நான்கு சக்கர ரகத்தில், பின் அச்சுக்கு மின்சாரப் பூட்டு வைத்தார்கள்.

எந்த வண்டி என்பதைப் பொறுத்து ஓட்டும் விதமும் மாறும். பிரேக் முறை உள்ள வண்டியில், சக்கரம் சுற்றியதும் பயந்து காலை எடுத்துவிடக் கூடாது. ஆக்சிலேட்டரை மெல்ல, ஒரே சீராக மிதித்திருந்தால்தான் கம்ப்யூட்டர் தன் வேலையைச் செய்ய முடியும். பூட்டு உள்ள வண்டி என்றால், சேற்றில் இறங்கும் முன்பே பூட்ட வேண்டும். சக்கரம் வேகமாகச் சுற்றும்போது பூட்டினால் பல் உடையலாம். கெட்டித் தரைக்கு வந்ததும் திறந்துவிட வேண்டும்.