இமையோர அழற்சியும் இமை உருமாற்றமும்

காலையில் இமைகள் ஒட்டிக்கொள்ளுதல், இமையோரம் சிவந்து அரித்தல், முடியின் அடியில் பொடுகு போன்ற செதில் படிதல் ஆகியவற்றைக் கண் சூடு என்று கருதிப் பலர் ஆண்டுக்கணக்கில் பொறுத்துக்கொள்கின்றனர். இவை பெரும்பாலும் ‘பிளெஃபரைட்டிஸ்’ எனப்படும் இமையோர அழற்சியின் அறிகுறிகளாகும்.

மேல் இமையில் ஏறத்தாழ 25 முதல் 40 வரையும், கீழ் இமையில் 20 முதல் 30 வரையும் எண்ணெய்ச் சுரப்பிகள் உள்ளன. கண்ணீர் விரைவில் உலர்ந்துவிடாமல் காப்பது இந்த எண்ணெயே. சுரப்பிகளின் வாய் அடைபடுவதாலும், தலைப்பொடுகாலும், பாக்டீரியாக்கள் பெருகுவதாலும் அழற்சி உண்டாகிறது.

அழற்சி நீடித்தால் இமையின் வடிவமே மாறக்கூடும். விளிம்பு தடிக்கும், முடி உதிரும், தழும்பினால் முடிகள் உள்நோக்கித் திரும்பும். அவ்வாறு திரும்பிய முடி, இமைக்கும்போதெல்லாம் கருவிழியை உரசுகிறது. அதனால் புண்ணும், பின்னர் தழும்பும் ஏற்பட்டால் பார்வை குறையும்.

இந்நோயை முற்றிலும் நீக்குவது அரிது. கட்டுக்குள் வைப்பது எளிது. வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த தூய துணியை, மூடிய இமைகள் மீது 5 முதல் 10 நிமிடம் வைக்க வேண்டும். பின்னர் இமையை மென்மையாக நீவி, ஈரப் பஞ்சினால் விளிம்பைத் துடைக்க வேண்டும். ஒவ்வொரு கண்ணுக்கும் தனிப் பஞ்சு தேவை. முதியோருக்கு இதனைக் குடும்பத்தினரே செய்துவிடுவது நல்லது. தேவைப்படுவோருக்குக் களிம்போ மாத்திரையோ தருகிறோம். ஸ்டீராய்டு சொட்டு மருந்தைத் தாமாக வாங்கிப் பயன்படுத்தினால் கண் அழுத்தமும் கண்புரையும் உண்டாகலாம்.

உள்நோக்கிய முடியை வீட்டில் பிடுங்க வேண்டாம். சில வாரங்களில் அது மீண்டும் முளைக்கும். பாதியில் அறுந்தால் அடிமுனை மேலும் கூர்மையாகக் குத்தும். ஓரிரு முடிகளாயின் மின்சாரத்தால் வேரை அழிக்கலாம். இமையே உட்புறம் மடிந்திருந்தால், அவ்விடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து அறுவை சிகிச்சையால் நிமிர்த்தலாம். பெரும்பாலோர் அன்றே வீடு திரும்பலாம். எனினும், முதலில் அழற்சியைத் தணித்த பின்னரே அறுவை சிகிச்சையைப் பரிந்துரைக்கிறோம். வேர் அழிந்த இடத்தில் முடி மீண்டும் வளர்வதில்லை.

ஒரு கண்ணில் மட்டும், ஒரே இடத்தில் இமை தடித்து முடி உதிர்ந்தாலும், அங்கேயே கட்டி மீண்டும் மீண்டும் வந்தாலும் தாமதிக்காதீர்கள். அரிதாக அது புற்றுநோயாக இருக்கலாம். சிறிதளவு திசுவை எடுத்துச் சோதித்தால் தெரிந்துவிடும். வலி, வெளிச்சத்தில் கூச்சம், பார்வை மங்கல் ஆகியவை தோன்றினால் அன்றே மருத்துவமனைக்கு வாருங்கள்.